ஆத்மா வகுப்பும் அவர் சட்டையும்

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாயா, அல்லது புட்டியை அலமாரிக்கு அழகாக வைத்திருக்கிறாயா? நான் சௌக்கியம்.

நூலக மாடியில் நான் எடுக்கும் வேதாந்த வகுப்புக்கு ஒருவரும் தாமதமாக வருவதில்லை. கான்வென்டில் படித்தவள், வர விடுவேனா? சென்ற வாரம் ஆத்மாவைப் பற்றிய பாடம். அது பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை. நாம் பழந்துணியைக் களைவதுபோல் உடலைக் களைகிறது என்று விளக்கினேன். மகனும் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தால், அடியில் துவைக்காமலே வைத்திருந்த அவருடைய கோடு போட்ட சட்டையைக் காணோம்.

“காலர் கிழிஞ்சிருந்ததும்மா. பழைய துணி வாங்குற வண்டியில போட்டுட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?”

“நீங்கதானேம்மா சொன்னீங்க, உடம்பே வெறும் சட்டைன்னு! அப்பாவுக்கு இனி எதுக்குச் சட்டை?”

மருமகள் சிரித்தாள். என் பாடத்தை வைத்தே என் முதுகில் குத்திவிட்டான், அக்கா. அந்தச் சட்டை அவருக்காக அல்ல என்பதுகூட நான் பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை.

நீ கவலைப்படாதே. என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பும்போது, உன் வீட்டில் அவர் விட்டுப்போன துண்டையும் சேர்த்து அனுப்பு. துவைத்துவிடாதே. வீட்டுக்கு வேண்டாம், நூலக முகவரிக்கு அனுப்பு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்றைய பாடம், பற்றை விடுவது எப்படி என்பது.

உன் தங்கை