சரவணன் வளர்த்த படிகம்

செவ்வாய் இரவு.

ஆய்வகத்தில் என்னோடு இருந்த சரவணன் விபத்தில் போய் ஒரு மாதமாகிறது. அவன் கடைசியாக வளர்த்த டோபாலஜிக்கல் அரையுலோகப் படிகத்தை இன்று அணுக்களையும் காட்டும் நுண்ணோக்கியில் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் படிகம் வளரும் உலையைச் சீக்கிரமே அணைத்துவிடுவான். "அக்கா, ஃபெரிய விட்டுட்டா அக்கரையில, நிபோங் திபால்ல, அம்மா சாப்பிடாம உக்காந்திருப்பாங்க லா" என்பான். திட்டுவேன்.

அவசரமாக ஆறிய படிகத்தில் அங்கங்கே ஓர் அணு விடுபட்டிருந்தது. எளிதில் சிதறாதவை என்று பெயரெடுத்த எலக்ட்ரான்கள்கூட அந்த வெற்றிடங்களில் முட்டிச் சிதறி, சுற்றிலும் அலையெழுப்பியிருந்தன.

பேராசிரியர் எட்டிப் பார்த்து, "குறை அதிகம்மா. புதுசா ஒன்னு வளர்த்திரு" என்றார். அவர் சொன்னது சரிதான்.

புதிய கலவையை வைத்து உலையைப் போட்டுவிட்டு வந்தேன். இந்த முறை அதை யாரும் சீக்கிரம் அணைக்க மாட்டார்கள்.