லூயிசா அக்கா பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஷண்முகப்ரியாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் குழுத்தலைவி லூயிசா அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் தமிழை வாசித்துக் காட்டும் புரோகிராமை எழுதியவர். சொந்த நேரத்தில் எழுதி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அது தன்னுடையது என்று கம்பெனி உரிமை கொண்டாடி, யாரும் பயன்படுத்த முடியாதபடி அதை நிறுத்தி, அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டது.

நேற்று கொட்டிவாக்கம் ஆபீஸ் வாசலில் பெரிய கூட்டம். சாந்தோமிலிருந்து வந்த பார்வையில்லாத ஆம்ப்ரோஸ் வாத்தியார், "அது பேசலைன்னா நான் எப்படி சார் பாடம் நடத்துவேன்?" என்றார்.

மேனேஜர் எங்கள் குழுவைப் பார்த்து, "அவங்க வீட்ல எழுதினதை யாராவது பார்த்தீங்களா?" என்றார்.

"நான் பார்த்தேன் சார்" என்றேன். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் சொன்னார்கள்.

சாயங்காலம் கம்பெனி இறங்கிவந்தது. புரோகிராம் அக்காவுக்கே. வேலைதான் திரும்பக் கிடைக்கவில்லை.

இன்று என்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. அறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். உட்காரத்தான் முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன். உங்கள் பழைய நூல்புடவை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள்.

கூப்பிட்டுவிட்டார்கள் அம்மா. பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் இன்றும் சொல்லப்போகிறேன்.

உங்கள் ப்ரியா