பூனையை எழுப்பல

என் தங்கத்துக்கு,

நீ போனை எடுக்க மாட்டேங்குற. நீ போயிருக்கற உங்க அக்கா வீட்டுப் பக்கம் நம்ம தையல்காரர் வர்றாராம், அவர்கிட்ட இதைக் குடுத்தனுப்பறேன்.

ஸ்கூல் வேலைக்கு நீ பாதி தட்டின மனு லேப்டாப்ல அப்படியே கெடக்கு. நம்ம பூனைக்குத்தான் சூடு கண்ட இடம் சொர்க்கமாச்சே, அதுமேல ஏறிப் படுத்துடுச்சு. ஒடனே ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து நின்னுச்சு. தையல்காரர்தான் படிச்சார்.

"எழுதினத இன்னும் சேமிக்கலியாம்ணே. வெளிய போனா எல்லாம் அழிஞ்சிடுமாம். போறியா, இருக்கியான்னு கேக்குது."

"நீயே எதையாச்சும் அமுக்கேன்."

"அண்ணி என்னை வெட்டிப்புடும்!"

நான் எதையும் தொடல. பூனையக்கூட எழுப்பல. சார்ஜர் உன் பையோட போயிடுச்சு, பேட்டரி செவப்பா மின்னுது.

காலைல நீ செருப்பு மாட்டறப்ப வாசல்லதான் நின்னேன். இந்தப் பொட்டிக்குக்கூடக் கேக்கத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

சார்ஜரோட வந்துடு.

பூனைக்குக் காவலிருக்கும்
உன் வீட்டுக்காரன்