யார் வீட்டு நாய்

7 ஜூலை 2025, திங்கள்

இந்த வாரமும் காலை ஷிப்ட். விடியுமுன் சமைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினால் பக்கத்து வீட்டு நாய் மைலோ வாலை ஆட்டிக்கொண்டு கேட்டருகே நிற்கிறது. ஐயாத்துரை அங்கிள் குட்டியாக வாங்கி வந்தது. குடிக்கிற மைலோ கலரில் இருக்கிறதென்று அவரே வைத்த பேர். தினமும் என் கையால் அதற்கு ஒரு மேரி பிஸ்கட். "எனக்குக்கூட நீ இப்படி ஊட்டினதில்ல" என்று என் வீட்டுக்காரர் தங்கராஜுவுக்குப் பொறாமை. வாலாட்டினால் அவருக்கும் உண்டு.

13 ஜூலை, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

புதன்கிழமை எனக்கு நேரமாகிவிட்டது. பிஸ்கட் கொடுக்க நிற்கவில்லை. சாமிக்குப் பூப்பறிக்க வந்த அங்கிள் கேட்டைத் திறந்தே போட்டிருந்தார். மைலோ என் பின்னால் ஓடிவந்து முன் சக்கரத்தில் குறுக்கே பாய்ந்தது. கடிக்கவில்லை, குரைக்கக்கூட இல்லை. என்னை விட மனசில்லாமல் ஓடிவந்திருக்கிறது, சனியன்! அதற்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு வலது மணிக்கட்டு தூள். ஆப்பரேஷன் செய்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள்.

நான் ரோட்டில் கிடக்கும்போது அங்கிள் பூத்தட்டோடு வந்து மைலோவின் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். அதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்று வீட்டுக்கு வந்தாச்சு. அங்கிளின் மனைவி ஞானேஸ்வரி ஆன்ட்டி எட்டிப் பார்க்கவில்லை. சுவரோடு சுவர் ஒட்டின வீடு. பன்னிரண்டு வருஷமாகப் புட்டும் முறுக்கும் மாறி மாறிப் போன வீடு.

20 ஜூலை, ஞாயிறு

பொறுக்க முடியாமல் தங்கராஜு போய்க் கேட்டார். அங்கிள் கேட்டிலேயே நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். "தப்பா நினைக்காதீங்கோ தம்பி, மகள் சொல்லிப்போட்டா." மகள் வசந்தினி கோலாலம்பூரில் வக்கீல். எங்களை வந்து பார்க்கக் கூடாதாம், மன்னிப்புக் கேட்கக் கூடாதாம், பழம்கூட அனுப்பக் கூடாதாம். செய்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்.

நான் என்ன வீட்டையா எழுதிக் கேட்டேன்? செலவைத் தொழிலாளர் காப்புறுதி சொக்சோ பார்த்துக்கொள்ளும். "ஐயோ யோகேஸ், எங்கட நாயால உனக்கு இப்படி ஆச்சே" — இந்த ஒரு வார்த்தை. அதைச் சொல்லவும் சட்டம் விடாதா? நல்லா இருக்குடி வசந்தினி, நீ படிச்ச படிப்பு!

28 ஜூலை

டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். மூன்றுதான் மடங்கின. ஃபேக்டரியில் ஒயர் கோக்கிற கை இது.

4 ஆகஸ்ட், திங்கள்

நாங்களும் ஒரு வக்கீலைப் பார்த்தோம். மாசாயில், கடை மாடியில், சின்ன வயசுப் பையன்.

"கேட்டத் திறந்து போட்டது அவங்க கவனக்குறைவுன்னு சொல்லலாம்கா. ஆனா நாய் அவங்களோடதுன்னு எப்படிக் காட்டுவீங்க? லைசன்ஸ் இருக்கா?"

அங்கிள் எடுக்கவே இல்லை. ஆனால் அவர் நாய் என்று தெருவுக்கே தெரியும்.

"தினமும் பிஸ்கட் போட்டுப் பழக்கினது நீங்கதான்னு அவங்க திருப்புவாங்க."

நான் பழக்கினேன்தான். அதற்காக? கேட் என்னுடையதா? திறந்து போட்டது நானா?

வரும் வழியில் தங்கராஜு மாநகர மன்றத்தில் புகார் கொடுத்தார். "யார் நாய்னு அவங்களே வந்து கேட்டு எழுதிக்கிட்டுப் போகட்டும் லா" என்றார். நானும் தலையாட்டினேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

மன்றத்து லாரி வந்தது. ஆபீசர் மலாய்க்காரர், யாருடைய நாய் என்று மரியாதையாகத்தான் கேட்டார். மைலோ அங்கிளின் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"புக்கான் சாயா புன்யா, என்சே."

அவருடையது இல்லையாம்! தெருநாயாம், பாவம் பார்த்துச் சோறு போடுகிறாராம். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த மனுஷன். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். உங்களுடையதா? இல்லை என்றேன். உண்மைதானே.

கழுத்தில் சுருக்குப் போட்டு இழுத்தார்கள். மைலோ அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

20 ஆகஸ்ட்

சோறு இறங்கவில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

ஒற்றைக் கையால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்சுவருக்கு மேல் ஆன்ட்டியின் தலை. அழுது வீங்கின முகம். விபத்துக்குப் பிறகு இன்றுதான் முதல் பேச்சு. கை எப்படி என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக்கூடப் பிடித்தேன். வெட்கம் கெட்டவள் நான்.

"யோகேஸ், நீ போய் மைலோவைக் கேட்டு எடுத்திட்டு வாறியா? ஆரும் வராட்டி ஊசி போட்டிடுவாங்களாம். எங்கட பேர்ல எடுத்தா எங்கட நாய் எண்டு ஆகிடும். வசந்தினி ஏசுவா."

கையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"உள்ள போங்க ஆன்ட்டி. என் வாயில ஏதாச்சும் வந்துடும்" என்றேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

போனேன். ஆன்ட்டிக்காக இல்லை. புகார் கொடுத்தது நாங்கள். அந்த வாயில்லாச் சீவன் செய்தது என்ன? என்னைப் பார்த்து ஓடிவந்தது, அவ்வளவுதான்.

இந்த நாய் யாரையாவது காயப்படுத்தியிருக்கிறதா என்று மன்றத்துக் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, இன்னும் வலிக்கிறதா அக்கா என்று மலாயில் கேட்டாள். முன்பின் தெரியாதவள். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

லைசன்ஸ் என் பேரில்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேஸ் போடுறது?" என்றார் தங்கராஜு. ஆனால் மைலோவை அவர்தான் குளிப்பாட்டினார்.

18 அக்டோபர், சனி

ஃபேக்டரியில் என்னை ஒயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். விரல் அதே மூன்றுதான்.

நாளை மறுநாள் தீபாவளி. பக்கத்து வீட்டுக்கு வசந்தினி பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். காலையில் அங்கிள் பூத்தட்டோடு எங்கள் கேட்டுக்கு வந்தார். இத்தனை மாதத்தில் முதல்முறை. முறுக்குத் தரத்தான் வருகிறார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

"பிள்ளை, பேரப்பிள்ளைகள் வந்திருக்கினம். உன்ட நாயைக் கட்டி வை. ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

மைலோ அவர் குரலைக் கேட்டதும் கேட் கம்பியில் முன்னங்காலை வைத்து எழுந்து வாலை ஆட்டியது.

"நான்தான் அங்கிள்" என்றேன்.

சங்கிலிக் கொக்கி என் விரலுக்கு அடங்கவில்லை. தங்கராஜுவைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன்.