கண்ணை மூடிக் கேட்டவளுக்கு

ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் கார்பன் தாளை உருவியபோது அந்த வாசனை வந்தது. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தது போல. தாளைத் தொட்டுப் பார்த்ததில் விரலில் ஒட்டிய நீல மையைத் துடைக்காமலே வந்து, புதுப்புடவையில் கறை போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். செத்தவளுக்குக் கடிதம் எழுதக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? தபால் செலவும் மிச்சம்.

மட்டாஞ்சேரியில் நாம் மூன்றாம் ஃபாரம் படித்தோம். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். மாஷ், அதான் வாத்தியார், பேசப் பேச எல்லாரும் குனிந்து எழுதுவார்கள். நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். போட்டு ஜெட்டி என்கிற படகுத்துறை வழியாக வீடு திரும்பும்போது அத்தனையும் உன் வாயில் தமிழாக வரும். கரையும் கடலும் ஒரே அடுப்பில் வைத்த இரண்டு பாத்திரங்கள், ஒன்று சட்டென்று காயும், மற்றது மெல்லக் காயும், அதனால்தான் காற்று திசை மாறுகிறது என்பாய். எனக்குக் கை மட்டும் ஓடும். மாஷ் சொன்னது காதில் நுழைந்து கை வழியாக நோட்டுக்குப் போய்விடும், நடுவில் எங்கும் தங்காது.

"உன் கையை எனக்குக் கொடுத்தா நாம ரெண்டு பேரும் பாஸ்டீ," என்றாய்.

"கையை உனக்குக் கொடுத்துட்டு நான் சோத்தை நாய் மாதிரி நக்கறதா?"

நோட்டு நிரம்பாதவர்களைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று மாஷ் சொல்லியிருந்தார். அப்பா கணக்கெழுதும் மிளகுக் கடையிலிருந்து பழைய கார்பன் தாள்களைக் கொண்டுவந்தேன். நான் எழுதினேன், நீ கேட்டாய். அடியில் பதிந்த தாளை உன் நோட்டில் ஒட்டினோம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல மாணவி.

மாஷ் ஒருநாள் இரண்டு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதெந்தா குட்டீ, ரண்டாள்க்கும் ஒரு கையோ?"

"ஒண்ணா வளர்ந்தோம் மாஷே," என்றேன். வகுப்பு சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்ததுதான். ஆனாலும் உன்னை முதல் பெஞ்சுக்கு மாற்றி, இனி கண்ணைத் திறந்து சொந்தக் கையால் எழுத வேண்டும் என்றார். பொல்லாதவர் இல்லை. எழுதாதது நிற்காது என்று உண்மையாகவே நம்பினார்.

எனக்கு அது விளையாட்டு, தோற்றால் கல்யாணம். உனக்கு அப்படியில்லை. சுக்குக்குச் சுண்ணாம்பு பூசும் கிடங்கில் உன் அம்மா வேலை பார்த்தாள். அந்த வெள்ளைத் தூசி அவள் மார்பில் இறங்கி இருமலாக உட்கார்ந்திருந்தது. நீ பாஸானால் எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் வேலை பழகச் சேர்த்துவிடுவதாக உன் மாமா சொல்லியிருந்தார். தோற்றால் நீயும் அந்தக் கிடங்குக்குத்தான்.

நீ எழுதினாய். பலகையில் மாஷ் போடுவது பெயர்களும் ஆண்டுகளும்தான். ஏன், எப்படி என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. நீ எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் அந்தப் பேச்சு உன்னைத் தாண்டிப் போய்விடும். திரும்பும் வழியில் வாய் திறக்க மாட்டாய்.

"என்னடீ, இன்னைக்குப் பாடம் கிடையாதா?"

"எழுதிட்டேன். ஒண்ணும் கேக்கலடீ."

சாயங்காலம் உன் நோட்டை நான் உரக்கப் படித்துக் காட்டினேன். பெயர்களும் ஆண்டுகளும் வந்தன, காற்று வரவில்லை. அந்த நோட்டைத்தான் மாஷ் வகுப்புக்கே தூக்கிக் காட்டி மெச்சினார். பரீட்சையில் நீ தோற்றாய். நானும் தோற்றேன், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

அம்மா படுத்துவிட்டதால் அவள் இடத்துக்கு நீ போனாய். இமையில் சுண்ணாம்போடு வருவாய். "பவுடர் ஜாஸ்திடீ, மாப்பிள்ளை பயந்துடுவான்," என்பேன். நீ சிரிப்பாய், சிரிப்பு இருமலில் முடியும். கல்யாணமாகி ஒரு பெண் பிறந்த பிறகும் கிடங்கு உன்னை விடவில்லை. அம்மா போனாள். இருமல் உன்னிடம் தங்கியது.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாய். வெளியே இடவப்பாதி மழை, வைகாசி நடுவில் பிடித்தால் விடாத மழை. டாக்டர் உன் அண்ணனிடம் மலையாளத்தில் மளமளவென்று பேசினார். நீ தூங்குகிறாய் என்று நினைத்தார்கள். நானும்தான். அண்ணன் மருந்துச் சீட்டோடு போனதும் கண்ணைத் திறந்தாய்.

"க்ஷயமாம், ரெண்டு பக்க நுரையீரலும் போச்சாம். இந்த மழை தாண்டாதாம். தட்டும் டம்ளரும் தனியா வெக்கணும். குட்டியைப் பக்கத்துல படுக்க விடக்கூடாது. அழுதா ஜெட்டிக்குத் தூக்கிட்டுப் போய் போட்டைக் காட்டணும்."

"போட்டைக் காட்டச் சொன்னது டாக்டரா?"

"இல்ல, அது நான் சேத்தது." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "நீ கேட்டியா, இல்ல பராக்கு பாத்தியா? சொல்லு பாக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் இருந்து சொன்னேன், நீ சேர்த்தது உட்பட. நீ தலையாட்டினாய்.

பள்ளிக்கூடத்தில் நான் எழுதித் தள்ளியதில் ஒரு வரிகூட இன்று என்னிடம் இல்லை. இது இருக்கிறது. யாராவது கேட்டால் இப்போதும் அதே வரிசையில் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. உன் பெண்ணுக்கு நீ சேர்த்த கடைசி வரியை மட்டும் சொல்லியிருக்கிறேன்.