ஒரு ஸ்டூல் கேட்ட கதை

சங்கரன்கோவில்
8-8-2025

அன்புள்ள பூமாரிக்கு,

பேக்கிங் ஜாய்ஸ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கசக்கிப் போட்டுவிடாதே. கம்பெனிச் சொற்படிதான் எழுதுகிறேன்.

இன்று மூன்று மணிக் கூட்டத்துக்கு முன்பே நீ இளையரசனேந்தல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாய். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து ருக்ஸானா என்று ஒரு பெண் வந்திருந்தார். இனி செப்டம்பர் கடைசி வரை எல்லா வெள்ளிக்கிழமையும் வருவாராம். கதை சொல்ல வைப்பாராம், படம் வரைய வைப்பாராம். தறிக்காரர்கள், செக்கிங், பேக்கிங் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தும் ஒருவர் பாடு ஒருவருக்குத் தெரியவில்லையாம். சின்ன முதலாளி ராஜேஷ்குமாரின் ஏற்பாடு இது.

முதல் வேலையாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத வேண்டும். என் சீட்டில் உன் பெயர் வந்தது. மாற்றிக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், கேட்கவில்லை.

எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டாம், டிபன் அலமாரியில் உன் தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்தால் போதும் என்றார் ருக்ஸானா. நாளைக் காலையில் வைத்துவிடுகிறேன். நீ என்னிடம் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. எழுதவாவது செய்.

பிரியமுடன்,
ஜாய்ஸ்


இளையரசனேந்தல்
12-8-2025

ஜாய்ஸ் மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒன்பது வருடமாக நின்றுகொண்டே சேலையில் குறை பார்க்கிறேன். என் கால் வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது என் கதையை மட்டும் எதற்குக் கேட்கிறார்கள்? வீட்டில் என்ன கஷ்டம், யாருக்கு என்ன நோய், யார் வேறு வேலை தேடுகிறார்கள் என்பதையெல்லாம் நாமே வாயால் சொல்லிவிட்டால் அவர்களுக்கு விசாரிக்கிற வேலை மிச்சம். இதைக் கதை என்று சொல்லிப் பிடுங்குகிறார்கள்.

அதுவும் என்னை உங்களோடு சேர்த்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கினார்கள் என்கிறீர்கள். நான் பார்க்கவில்லை.

உங்கள் கைக்கு வருகிற பேச்சு எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்து டேபிள் மாரிசெல்வி விஷயத்தில் பார்த்ததுதானே. அவள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தது என்னையும் உங்களையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த மறுநாளே அவளைக் கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

இப்படிக்கு,
பூமாரி, செக்கிங் பிரிவு


சங்கரன்கோவில்
22-8-2025

அன்புள்ள பூமாரிக்கு,

இன்று நீ கூட்டத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இருந்தாயே.

ருக்ஸானா தறியில் கிரீஸ் கறை பட்டுக் கழித்த ஒரு செகண்ட்ஸ் சேலையை விரித்து, "இத யாரு கட்டப் போறா? ஆளுக்கொரு கதை சொல்லுங்க" என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தறி ஃபிட்டர் பிச்சையா அண்ணாச்சி எழுந்திரிப்பார் என்று யார் நினைத்தது? அந்த மனுசன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"இத ஒரு மெக்கானிக் பொண்டாட்டி வாங்குவா. கறையப் பாத்துட்டு, ஏ, இது நம்மாளு கை பட்ட மாதிரில்லா இருக்குன்னு நெனப்பா. தொவைக்கவே மாட்டா" என்றாரே, கூட்டம் அப்படியே ஆடிப்போய்விட்டது. அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீட்ல நான் கிட்ட போனாலே கிரீஸ் வாடைன்னு மூக்கப் பிடிக்கா. அதான் இப்படி ஒருத்தி இருந்தா எப்பிடி இருக்கும்னு பாத்தேன்" என்று சொன்னதும் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் பார்த்தேன்.

சாயங்காலம் தறி பக்கம் போனால், செக்கிங் பிள்ளைகள் இரண்டு பேர் அவரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கறை விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். இதுவரை செக்கிங்கிலிருந்து சேலை திரும்பி வந்தால் சண்டைதான் வரும்.

நீ மாரிசெல்வியைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
ஜாய்ஸ்


இளையரசனேந்தல்
25-8-2025

ஜாய்ஸ் மேடம் அவர்களுக்கு,

ஆமாம், சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதும் நினைத்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் திக்கென்றது. பிச்சையா அண்ணாச்சிக்கும் அவர் சம்சாரத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று இப்போது சின்ன முதலாளிக்குத் தெரியும். அவர் கதவு ஓரம் நாற்காலி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நாம் சிரிக்கும்போது அவருக்கு எழுத என்ன இருக்கிறது?

இருக்கட்டும். உங்களிடம் ஒன்று சொல்கிறேன். வருகிற வியாழக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள். போய்ப் பார்க்கப் போகிறேன். கிடைத்தால் இங்கே நிற்க மாட்டேன். இதை வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூட.

இப்படிக்கு,
பூமாரி


சங்கரன்கோவில்
29-8-2025

அன்புள்ள பூமாரிக்கு,

போன காரியம் என்ன ஆயிற்று? ஷிப்ட் நேரம் கேட்டாயா? சாயங்காலம் உன் ஊருக்குத் திரும்ப பஸ் கிடைக்குமா என்று பார்த்துக்கொள். சேரச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதே.

நேற்று சின்ன முதலாளி பேக்கிங்குக்கு வந்து, "பூமாரி அக்கா ஏன் வரல?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன். "போன் எடுக்க மாட்டேங்காவளே" என்றார். "காய்ச்சல்ல படுத்திருக்கவ எப்படி எடுப்பா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு நாளைக்கு நீ கொஞ்சம் சோர்ந்த மாதிரி இரு.

நீ போய்விட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் நல்ல இடமாக இருந்தால் போய்விடு.

அன்புடன்,
ஜாய்ஸ்


இளையரசனேந்தல்
1-9-2025

ஜாய்ஸ் அக்காவுக்கு,

நான் ராஜபாளையம் போகவில்லை. அங்கே ஆள் எடுக்கிறார்களா என்பதே எனக்குத் தெரியாது.

உங்களைச் சோதித்துப் பார்க்கத்தான் அப்படி எழுதினேன். வியாழக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன முதலாளி பெயர் வந்து மணியடித்ததும், "மாட்டிக்கிட்டா ஜாய்ஸ்" என்று வாய்விட்டே சொன்னேன். எடுக்கவில்லை. மறுநாள் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்படியென்றால் நான்தான் ஒன்றரை வருடமாகத் தப்பாக நினைத்தேனா? சொல்லுங்கள். மாரிசெல்வி விஷயத்தைச் சொன்னது நீங்கள் இல்லையென்றால், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அதற்குமேல் கேட்க மாட்டேன்.

பூமாரி


சங்கரன்கோவில்
4-9-2025

அன்புள்ள பூமாரிக்கு,

இல்லை என்று எழுத நினைத்தேன். நீ நம்பியிருப்பாய். அதனால்தான் எழுத முடியவில்லை.

சொன்னது நான்தான்.

அன்று மத்தியானம் பண்டல்களுக்குப் பின்னால் மாரிசெல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்து போயிருந்தது. "யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்று என் கையைப் பிடித்தாள். சரி என்றுதான் வந்தேன். திரும்பிப் பார்த்தால் மறுபடியும் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே சின்ன முதலாளியிடம் போய், "தம்பி, அந்தப் பிள்ளை வயித்துப்பிள்ளக்காரி. ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்க, உக்காந்து பாக்கட்டும்" என்றேன். "நல்ல வேளை சொன்னீங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் உனக்குத் தெரியும். "பிரசவம் முடிஞ்சு வாங்க" என்று கேட்டோடு அனுப்பினார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை. நான் கேட்டது ஸ்டூல். ஆனால் அவள் சொல்லாதே என்றதை நான் சொன்னேன். அன்றே அவளுக்காக எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டும். என் வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவள் வீட்டுக்குப் போகவும் தைரியம் வரவில்லை.

நீ என்னைச் சோதித்ததில் எனக்குக் கோபம் இல்லை.

ஜாய்ஸ்


சங்கரன்கோவில்
19-9-2025

அன்புள்ள பூமாரிக்கு,

இரண்டு வாரமாக உன் தூக்குச்சட்டியைப் பார்க்கிறேன், கடிதம் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். வேலையில் தன்னால் மறக்க முடியாத ஒன்றை ஆளுக்கொரு கதையாகச் சொல்ல வேண்டுமாம். நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதைவிட, என் வாயால் சொல்லும்போது நீயும் அங்கே இருந்தால் நல்லது. வர விருப்பம் இல்லையென்றால் பஸ்ஸுக்குப் போய்விடு.

ஜாய்ஸ்


இளையரசனேந்தல்
27-9-2025

அன்புள்ள ஜாய்ஸ் அக்காவுக்கு,

நேற்று நான் பஸ்ஸுக்குப் போகவில்லை, தூணுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் தாளைப் பிரித்து மாரிசெல்வி பெயரைச் சொன்னதும் சின்ன முதலாளி எழுந்துவிட்டார். "அக்கா, இது ஆபீஸ் விசயம், தனியா பேசிக்கிடுவோம்" என்றார். அந்த ருக்ஸானா, "கதை முடியட்டும் சார், உக்காருங்க" என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் முதலாளியின் ஆள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் முழுவதையும் படித்தீர்கள். ஒரு இடத்திலும் உங்களை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்று காலையில் நீங்கள் லோடு ஏற்றப் போயிருந்தபோது, செக்கிங்கில் இருக்கும் எட்டுப் பேரும் ஆபீசுக்குப் போனோம். பிச்சையா அண்ணாச்சி கூப்பிடாமலே பின்னால் வந்து நின்றார். எட்டு ஸ்டூலும், மாரிசெல்விக்கு வேலையும் கேட்டோம். "ஒங்களையெல்லாம் யாரு தூண்டிவிட்டா?" என்று கேட்டார் சின்ன முதலாளி. "ஒருத்தரும் இல்ல, கதை கேட்டோம்" என்றேன். கடைசியில் "பாக்கேன்" என்றார். அந்த "பாக்கேன்" மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் கேட்போம்.

நான் ஏன் பதில் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் உள்ள கோபத்தால் இல்லை. மாரிசெல்வி முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள். லீவு கேட்கட்டுமா என்று கேட்டாள். "ஏட்டி, கேட்டா வீட்டுக்கு அனுப்பிருவான். சேலையை ஏத்திக் கட்டிக்கிட்டு ஏழு மாசம் வரைக்கும் தள்ளிரு" என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் கால் வீங்குவதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களாவது போய் ஸ்டூல் கேட்டீர்கள். நான் அதையும் கேட்கவில்லை. காட்டிக்கொடுத்தது நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டால், நான் செய்ததை நான் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சிநேகிதி சிநேகிதி என்று சொல்லிக்கொண்டு, இந்த ஒன்றரை வருடத்தில் நானும் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவள் வாசுதேவநல்லூரில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம். பெண் குழந்தையாம். நாளை ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கோயில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறீர்களா? நான் பத்தரை மணிக்கு அங்கே நிற்பேன். இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டிலேயே கொடுக்கச் சொல்லி, சங்கரன்கோவிலுக்கு வரும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறந்தால் நான் முன்னால் போகிறேன். திட்டுவதென்றால் முதலில் என்னைத் திட்டட்டும்.

உங்கள்,
பூமாரி