மயில்நீலச் சுவர்

கொல்லயில்
12.8.1996

பிரியமுள்ள மகள் சுமிக்கு,

மஸ்கட் ஆஸ்பத்திரியில் ராவும் பகலும் நிற்கிற உன் கால்களுக்குக் கர்த்தர் பெலன் தரட்டும். இங்கே மழை விட்டிருக்கிறது.

நம் சாப்பாட்டு முறியின் நாலு சுவருக்கும் மயில்நீலம் அடித்திருக்கிறேன். தரையில் மஞ்சளும் கறுப்புமாகப் பூப்போட்ட டைல்ஸ். "அண்ணே, சுவருல மயிலையா எறக்கப் போறிய?" என்று கொத்தனார் பொன்னையன் சிரித்தான். வேலை முடிந்ததும் அவனே வாய்பிளந்து நின்றான். நானும் சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிட மறந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

அன்புடன்,
அப்பா சத்தியராஜ்

மஸ்கட்
30.8.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் வீடுதானா என்று கவரைத் திருப்பி முகவரி பார்த்தேன். ஜன்னலுக்கு அம்மா பச்சைத் திரை வாங்கியதற்கே, "இது வீடாக்கும், கல்யாணப் பந்தல் இல்ல" என்று சத்தம் போட்டவர் நீங்கள். அம்மா கர்த்தரிடம் போனபின் அந்த முறியைப் பூட்டிவிட்டு அடுக்களையில்தானே சாப்பிட்டீர்கள்?

அழகாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இந்த நிறத்தை யார் சொன்னது?

உங்கள் சுமி

கொல்லயில்
17.9.1996

மகளே,

கண்டுபிடித்துவிட்டாய். பாறசாலையில் அங்கன்வாடி டீச்சராக இருக்கும் ரத்னபாய் சொன்னது. கணவர் இறந்து தனியாக இருக்கிறாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது சபைப் பெண்களோடு ஜெபிக்க வந்தாள். "இந்த முறிய ஏன் பூட்டி வெச்சிருக்கிய? மயில்நீலம் அடிச்சா கடலு மாதிரி இருக்குமாக்கும்" என்றாள். அதன்பின் அந்தக் கதவைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. காட்டாக்கடைக்குச் சேர்ந்து போய் டைல்ஸ் எடுத்தோம். ஊர் பார்த்தது.

ஜனவரியில் விவாகம் செய்யலாம் என்று நினைக்கிறோம். உனக்கு நோகுமென்றால் வேண்டாம் மக்கா. சுவருக்கு வெள்ளை அடித்துவிடுகிறேன்.

அப்பா

மஸ்கட்
21.11.1996

அப்பா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. கோபம். அம்மாவை நினைத்து நிறைய அழுதேன்.

நேற்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கினார்கள். "சுமி, உன் அப்பா என்ன சிரிப்பு சிரிக்கிறார்!" என்றாள் ஒருத்தி. வாங்கிப் பார்த்தேன். முதலில் நிறத்தில் மயங்கி, ஓரத்தில் நின்ற உங்களை நான் பார்க்கவே இல்லை. பல்லெல்லாம் தெரிய அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு நினைவு தெரிந்து நீங்கள் அப்படிச் சிரித்ததில்லை. போட்டோ எடுத்தது யார், யாரைப் பார்த்து அந்தச் சிரிப்பு என்று கேட்க வேண்டியதில்லை.

சுவரைத் தொடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு வாறேன், விவாகம் முடிந்துதான் திரும்புவேன். டீச்சரை அம்மா என்று கூப்பிட எனக்கு வராது. சித்தி என்றால் அவர்களுக்குச் சம்மதமா? கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மகள்,
சுமி